என்ஜினின் நீலப் பக்கம்

சனங்களின் ஆதரவு என்ன நிறம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் நீலம் என்பேன். கப்பலுக்குப் பூசுகிற கடும் நீலம். கந்தோரில் வேலை பார்த்த காலத்தில் இப்படிச் சொல்லியிருந்தால் லீவு எடுத்து ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார்கள். இப்போது நான் ஓய்வூதியக்காரி. என்ன சொன்னாலும் வயது போய்விட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

போன மாதம் பழைய கந்தோரிலிருந்து தர்ஷிகா என்றொரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள். ஒரு திட்டம் வரும் முன்னர் அந்தப் பகுதிச் சனங்களுக்கு அது விருப்பமா இல்லையா என்று அறிய, இப்போது கைத்தொலைபேசிக்குக் கேள்வி அனுப்புகிறார்களாம். விருப்பம் என்றால் சிரித்த முகத்தை அமத்த வேண்டும், இல்லையென்றால் அழுத முகத்தை.

"அன்ரி, உங்கட காலத்தில இதுகள் ஒண்டும் இல்லையே. ரயில் தோட்டத்துச் சனத்துக்கு விருப்பம் எண்டு நீங்கள் என்னண்டு நிரூபிச்சனீங்கள்?"

"நாங்கள் நிரூபிக்கேல்லைப் பிள்ளை. அவையே நிரூபிச்சவை. அதாலதான் எல்லாம் கவிழப் பாத்தது."

விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. ஆகவே எழுதிவைக்கிறேன், நேரம் கிடைக்கும்போது வாசிக்கட்டும்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்தவள். எங்கள் ஒழுங்கை கடற்கரைப் பக்கமாக இறங்கி ரயில் பாதையில் போய் முடியும். ரயில் போகும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும். கதையை அப்படியே நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். அப்படிப்பட்ட எனக்கு, பழைய ரயிலைப் பார்க்க ஆட்கள் டிக்கெட் எடுத்து வருவார்கள் என்பதே முதலில் நம்பமுடியாத கதையாக இருந்தது. நகர அபிவிருத்தி வேலை பார்க்கும் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தேன். மூன்று பாஷையும் கதைப்பேன் என்று தெரிந்ததும் கூட்டங்களுக்கு மொழிபெயர்க்க இழுத்துக்கொண்டு போனார்கள். போகப் போக அதுவே உத்தியோகமாகி, சமூகத் தொடர்பு அலுவலர் என்று பெயரும் வைத்தார்கள். பெயர் பெரிது. வேலை என்னவோ ஊர் ஊராகப் போய் ஏச்சு வாங்குவதுதான்.

அந்த வேலையை எனக்குக் காட்டித்தந்தவர் என் மேலதிகாரி சேனாதீர. காலிப் பக்கத்துச் சிங்களவர். ஒல்லியான, உயர்ந்த ஆள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். மணிக்கட்டுப் பொத்தானை அவர் கழற்றி நான் கண்டதில்லை. தமிழில் அவருக்குத் தெரிந்தது ஒரேயொரு வசனம்: "சொல்லுங்க, நான் கேக்கிறேன்." மற்றதெல்லாம் சிங்களத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன்.

கூட்டம் வைக்க அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மேடை கூடாது. கதிரைகளை நாங்கள் வாடகைக்கு எடுத்துப் போடக்கூடாது. சனங்கள் தங்கள் வீட்டுக் கதிரையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வரவேண்டும். தன் கதிரையில் இருக்கிற ஆள்தான் மனதில் உள்ளதைச் சொல்லும் என்பார். தேத்தண்ணி கூட்டம் முடிந்த பிறகுதான். முன்னுக்குக் கொடுத்தால், குடித்த வாய்க்கு மறுத்துப் பேச வராது. பெண்கள் சமையல் முடித்து வருகிற நேரம் பார்த்துத்தான் கூட்டம். கூட்டத்தில் அவர் ஒரு கேள்வி மட்டும் கேட்பார். பிறகு கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை, கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டுக்கொண்டிருப்பார். ஒருவருமே ஏசவில்லை என்றால் அந்தக் கூட்டம் செல்லாது, இன்னொன்று வைக்க வேண்டும். அக்கறை இல்லாதவன் ஏசமாட்டான் என்பது அவருடைய கணக்கு.

கையைப் பின்னால் கட்டுவது வெறும் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. முன்பொருமுறை முகத்துவாரத்தில் மீனவக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாசிகசாலை கட்டினார்களாம். எங்கள் கந்தோர்ப் பெடியன்களும் ஆசையில் மண்வெட்டி பிடித்துக் கூரைக்கு ஓடும் ஏற்றிக் கொடுத்தார்கள். அடுத்த மாரிக்குக் கூரை ஒழுகியது. ஊரில் ஒருவரும் ஏணி தேடவில்லை. பஸ் ஏறி நேரே கந்தோருக்கு வந்தார்கள்.

"சேர், உங்க கூரை ஒழுகுது."

அன்றைக்கு எழுதாத சட்டம் ஒன்று பிறந்தது. சனங்களின் வேலையில் நாங்கள் கை வைத்தால் அது அன்றோடு எங்கள் வேலையாகிவிடும். ஆசை வந்தால் கையைப் பின்னால் கட்டு. நானும் கட்டப் பழகினேன். சேலையோடு அப்படி நின்றால் பள்ளிக்கூடத்து அதிபர் போல இருக்கிறது என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள்.

இனி ரயில் தோட்டம். தோட்டம் என்றால் மரஞ்செடி என்று நினைக்கக்கூடாது. கொழும்பில் சுவரோடு சுவர் ஒட்டி நெருக்கிக் கட்டிய வீட்டுக் கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகப் பக்கம் இறங்கும் இடத்தில், ஒரு காலம் சரக்கு ஏற்றி இறக்கிய கிளைப் பாதை ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. பாதையின் முடிவில் கூரை பாதி போன சரக்குக் கொட்டகை. அதற்கு முன்னால், பெட்டிகளைத் தள்ள உதவிய பழைய நீராவி என்ஜின் ஒன்று, துருப்பிடித்து, சக்கரம்வரை புல் மூடி நின்றது. பாதையின் ஒரு பக்கம் தோட்டத்து வீடுகள். மறுபக்கம் உயர்ந்த மதில், அதற்கப்பால் பெரிய ரோட்டு.

அந்த நிலத்துக்கு இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, கொட்டகையையும் என்ஜினையும் திருத்தி ரயில் அரும்பொருட்சாலையாக்கி, மதிலில் வாசல் திறந்து, பாதையை நடைபாதையாக்குவது. வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும், முன்பக்கத்தில் சின்னச் சின்னக் கடை போடலாம். மற்றது, எல்லாவற்றையும் வழித்தெடுத்து கொள்கலன் லொறிகள் நிறுத்தும் இடமாக்குவது. அப்படியானால் சனங்கள் எங்கோ தூரத்து மாடிவீடுகளுக்குப் போகவேண்டும். துறைமுகத்தில் கூலி வேலை செய்பவர்களுக்கும், விடிய இடியாப்பம் அவித்துக் கொச்சிக்கடைப் பக்கம் கொண்டுபோய் விற்பவர்களுக்கும் பத்தாம் மாடியில் என்ன பிழைப்பு? முதல் யோசனைக்குப் பணம் தர ஒரு நிறுவனம் முன்வந்தது. இரண்டு நிபந்தனை வைத்தது. பழைய பொருட்கள் இருந்தபடியே இருக்கவேண்டும். அங்குள்ள சனங்கள் இதை உண்மையாகவே விரும்புகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியவேண்டும்.

முதல் கூட்டத்துக்குச் சனம் வந்தது, கதிரையும் வந்தது. இடியாப்பக்காரி பிலோமினா அக்காதான் பிள்ளையார் சுழி போட்டா.

"இந்தக் கெழட்டு என்ஜினப் பாக்க யாரு மிஸ் வருவா? நாங்க தெனமும் பாக்கிறோம், ஒரு மண்ணும் இல்ல. வீட்டப் புடுங்கிறதுக்கு இது ஒரு புது வழியா?"

சேனாதீர சேரின் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு ஏச்சு கிடைத்துவிட்டதே. தன் ஒரு கேள்வியைக் கேட்டார்: "நாளைக்கு இந்த என்ஜினைத் தூக்கிக்கொண்டு போனால் உங்களுக்கு என்ன குறையும்?"

நான் தமிழில் சொன்னேன். பிறகு ஒரு பெண், உடுப்புக் காயப் போட இடமில்லாமல் போகும் என்றாள். மழைக்கு ஒதுங்க இடம் போகும் என்றார் ஒருவர். கடைசியில் பிலோமினா அக்காவே திரும்பவும் எழும்பினா.

"ஓட்டோக்காரனுக்கு வழி சொல்றதுக்கு என்னத்தச் சொல்றது? என்ஜினடின்னுதானே சொல்றோம். கல்யாணக் கார்ட்லயும் அப்பிடித்தானே போட்டோம்."

அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த கூட்டங்களில் ஏச்சின் திசை மாறியது. கடை யாருக்கு, வாசல் எந்தப் பக்கம், வருகிறவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் என்ன செய்வது என்று ஏசத் தொடங்கினார்கள். இனிப் பயமில்லை என்று சேர் சொன்னார். மாரி முடிந்ததும், பணம் தரும் நிறுவனம் தன் நிபுணரை அனுப்பப்போவதாக அறிவித்தது. தோட்டத்தில் அதைச் சொல்லப் போனபோது, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள்.

"ஒன்றும் விசேஷமாக வேண்டாம். வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தால் எப்படியோ அப்படி இருங்கள்" என்றார் சேர். அதை நானும் அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

நிபுணர் ஒரு பெண். பழைய இயந்திரங்களைப் பாதுகாப்பதில் பெயர் எடுத்தவர், அதிகம் பேசாதவர். காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தோம். வளைவில் திரும்பினோம்.

என்ஜின் பளபளவென்று நீலமாக நின்றது. சக்கரங்கள் வெள்ளி. புகைபோக்கி சிவப்பு, அதன் கழுத்தில் கடதாசிப் பூமாலை. கொச்சிக்கடைக் கோயில் திருவிழாவுக்குக் கட்டுவதுபோல வீட்டுக்கு வீடு கொடி. சனமெல்லாம் நல்ல உடுப்பில் வரிசையாக நின்றது. முன்னால் ஹனீபா நானா, வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக. துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயின்ட் அடித்தே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். அவர்தான் தலைமை தாங்கிப் பூசியவர் என்பது நகக்கண்ணில் இருந்த நீலத்தில் தெரிந்தது. பாராட்டைக் கேட்க ஆயத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நிபுணர் கிட்டப் போனார். ஒரு விரலால் தொட்டார். பெயின்ட் முழுதாகக் காயவில்லை. விரலில் ஒட்டிய நீலத்தைப் பார்த்தார். பிறகு சேரிடம் சிங்களத்தில் மெதுவாக, "இதை இனி நான் எப்படிப் பரிந்துரைப்பது?" என்றார்.

கூட்டத்தில் நான் மொழிபெயர்ப்பது முறைக்காகத்தான், கேட்டு விளங்குகிற அளவுக்குச் சிங்களம் தெரியாத ஆள் கொழும்பில் எங்கே இருக்கிறது? எல்லோருக்கும் கேட்டது, எல்லோருக்கும் விளங்கியது. ஹனீபா நானாவின் சிரிப்பு முகத்தில் இருந்தபடியே செத்துப்போனதைப் பார்த்தேன். அதைப் போல ஒன்றை உத்தியோக காலத்தில் நான் பிறகு பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை. லொறிகள் வந்து நிற்பது அப்போதே என் கண்ணுக்குத் தெரிந்தது.

சேனாதீர சேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முதலில் நிபுணரிடம், "விருந்தாளி வருவதுபோல இருங்கள் என்று சொன்னது நான்" என்றார். பிறகு சனங்களைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் பூசினீர்கள்?" கூடவே தன் தமிழ் வசனத்தையும் சொன்னார்: "சொல்லுங்க, நான் கேக்கிறேன்."

ஹனீபா நானா தொண்டையைச் செருமினார்.

"பூசாம எப்பிடி சேர்? திருவிழாக்குத் தேர் பூசுற. பெருநாளைக்கு ஊடு பூசுற. கப்பல் கடலுக்குப் போக முந்திப் பூசுற. வார ஆளுக்கு மரியாத செய்யணும் எண்டா பூசித்தான் செய்யணும். நான் சும்மா மேலால பூசல்ல. சொரண்டி, கம்பி பிரஷ் போட்டு, துரு புடிக்காம செவப்பு அடிச்சி, அதுக்கு மேலதான் நீலம் அடிச்ச. கப்பலுக்குச் செய்ற மாதிரியே செஞ்ச."

அவர் சுரண்டினேன் என்றதும் நிபுணர் கண்ணை மூடித் திறந்தார். பிலோமினா அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"அந்த மூலையில பழைய தண்ணி டாங்கி ஒண்ணு இருந்திச்சி. ஒரு நாள் யாரோ வந்து லொறில ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு, துருப்புடிச்சுக் கெடந்திச்சி, கேக்க ஆளில்லாத சாமான்னு நெனச்சோம்னாங்க. இது எங்கட சாமான். அது தெரியணும்னுதான் பூசினோம்."

நிபுணருக்கு ஓரளவு தமிழ் விளங்கும்போல, நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவவைப் பார்த்தே சிங்களத்தில் பேசினார். துருவின் கீழே பழைய பூச்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும், எந்தப் பட்டறையில் எந்தக் காலத்தில் எழுதிய எழுத்து என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கலாம், சுரண்டினால் அது போனதுதான் என்று பொறுமையாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. இறந்த வீட்டில் பேசுவதுபோல இருந்தது.

"மஞ்ச எழுத்தா மிஸ்?" என்று ஹனீபா நானா என்னிடம் கேட்டார். "ஒரு மஞ்ச எழுத்து இருந்திச்சி. நான்தான் சொரண்டின." கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த யாருடைய கதிரையிலோ மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

நிபுணர் என்ஜினைச் சுற்றி மறுபக்கம் போனார். மதிலுக்கும் என்ஜினுக்கும் இடையில் ஓர் ஆள் நுழையக்கூடிய சந்துதான். போனவர் திரும்பி வரவில்லை. நானும் சேரும் பின்னால் போனோம். அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. துரு, புல், எப்போதோ ஒட்டிய தேர்தல் நோட்டீசின் மிச்சம். நடுவில், மங்கிப்போன மஞ்சளில், பாதி எழுத்துகள்.

"இந்தப் பக்கத்தை ஏன் பூசவில்லை?" என்று நிபுணர் கேட்டார்.

பிலோமினா அக்கா சந்தின் வாயில் நின்று எட்டிப் பார்த்து, கேள்வியே பிழை என்பதுபோலச் சொன்னா: "அது எங்க பக்கம் இல்லையே மிஸ். அது ரோட்டுப் பக்கம். நாளைக்கு மதில ஒடச்சி வாசல் வச்சா, வாறவங்க பாக்கிற பக்கம். அத நாங்க எப்பிடித் தொடுறது?"

நிபுணர் பையிலிருந்து கமராவை எடுத்தார். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்தார். தேத்தண்ணி குடித்தார். போய்விட்டார்.

பிறகு வந்தது காத்திருந்த காலம். பணம் வருமா, லொறி வருமா என்று எவருக்கும் தெரியாது. தோட்டத்தில் ஒருவரும் ஹனீபா நானாவைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பாரமாக இருந்திருக்க வேண்டும். பள்ளிவாசலுக்குப் போய் வருவதோடு சரி, மற்றபடி வெளியே வருவதில்லை என்று பிலோமினா அக்கா சொன்னா. நான் போனால் கதவுவரை வந்து, "ஏதாச்சும் தெரியுமா மிஸ்?" என்று மட்டும் கேட்பார். இத்தனை வீடுகளையும் தன் கையாலேயே சுரண்டி எடுத்துவிட்டதாக அவருக்கு எண்ணம். எனக்கு அழுகை வரும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

முடிவு வந்த அன்று நானும் சேரும் ஓட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனோம். பணம் உண்டு. சனங்கள் விரும்புகிறார்களா என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை, அதைத் தன் விரலிலிருந்து கழுவி எடுக்கவே கஷ்டப்பட்டதாக நிபுணர் எழுதியிருந்தார். ரோட்டுப் பக்கத்தை இனி ஒருவரும் தொடக்கூடாது. தோட்டத்துப் பக்கம் தோட்டத்துக்காரருடையது. திருவிழாவுக்குத் திருவிழா அவர்கள் விரும்பினால் பூசலாம், தங்கள் கையால் மட்டும், இனிச் சுரண்டாமல்.

ஹனீபா நானா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப இனி ஒவ்வொரு வருஷமும் நான்தான் பூசணுமா?" என்றார். பிலோமினா அக்கா அவரை ஏசிய ஏச்சில் பக்கத்து ஒழுங்கை நாய்கள்கூடக் குரைக்கத் தொடங்கின. எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

இப்போது அந்த இடம் படத்தில் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்ஃபி எடுக்கிற கூட்டம் பெருத்துப்போய் நடக்க வழி இல்லை. வாடகை ஏறிவிட்டது என்று இரண்டொரு குடும்பம் வெளியேறியதும் உண்மை. ஆனால் வீடுகள் நிற்கின்றன. பிலோமினா அக்காவின் இடியாப்பக் கடைக்கு என்ஜினடிக் கடை என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. வருகிறவர்கள் ரோட்டுப் பக்கமாக நுழைந்து, துருவையும் பாதி எழுத்தையும் பார்த்து, சுற்றி வந்தால் நீலத்தில் முடிகிறார்கள்.

திருவிழாவுக்கு முன்னர் பூசுகிற நாளில் நான் ஒவ்வொரு முறையும் போய் நின்றேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஆனாலும் முகத்துவாரத்துக் கூரை ஞாபகம் வரும்.

இந்த முறை நான் ஓய்வூதியக்காரியாகப் போனேன். எனக்கு முன்னரே ஓய்வு பெற்று இரத்மலானையில் மகளோடு இருக்கும் சேனாதீர சேரையும் கூப்பிட்டேன். வந்தார். அதே முழுக்கைச் சட்டை, அதே பொத்தான். ஹனீபா நானாவுக்கு இப்போது ஏணி ஏற முழங்கால் விடுவதில்லை. கதிரை போட்டு இருந்து மற்றவர்களை ஏவிக்கொண்டிருந்தார். என் கையில் பிரஷ் ஏற்கெனவே வந்துவிட்டது, சேலையில் நீலமும் வந்துவிட்டது. சேர் மட்டும் சற்றுத் தள்ளி, பழையபடி கையைப் பின்னால் கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிலோமினா அக்கா சத்தமில்லாமல் அவருக்குப் பின்னால் போய், கட்டியிருந்த கைக்குள் ஒரு பிரஷைச் சொருகிவிட்டா.

சேர் திரும்பவில்லை. பிரஷைக் கீழே விடவும் இல்லை. பிறகு தன் ஒரு கேள்வியைக் கேட்டார். இந்த முறை தமிழில்.

"நானா, நான் எங்க தொடங்க?"

ஹனீபா நானா கதிரையிலிருந்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மொதல்ல அந்தக் கைப் பொத்தானக் கழட்டுங்க சேர்."